பூசுவதற்கு முன் தட்டிப் பாருங்கள்

“கல்லிலை லேசா முட்டினது தம்பி, மேலாலை கொஞ்சம் பூசிவிட்டால் காணும்.” பைபர் படகு திருத்தும் எங்களிடம் வருகிறவர்கள் அநேகமாக இப்படித்தான் கதையைத் தொடங்குவார்கள். வடமராட்சிக் கரையில் படகு அடிபடாமல் இருந்தால்தான் அதிசயம். முருகைக்கல் பாரில் வெட்டிய ஒடுங்கிய ‘வான்’ என்ற வாய்க்கால் வழியேதான் கரைக்கு வரவேண்டும். வாடை எழும்பிய நாளில் அலை படகைத் தூக்கிக் கல்லில் போட்டுவிடும்.

1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகம் வரை போன ‘அன்னபூரணி’ மரக்கப்பலைக் கட்டியவர்கள் வல்வெட்டித்துறை மேத்திரிமார். மரத்தில் அடி விழுந்தால் பலகையே சொல்லிவிடும். பைபர் அப்படியில்லை. கண்ணாடி இழையும் ரெசினும் படைபடையாக இறுகிய உடல் அது. அடிபட்டால் வளைந்து திரும்ப நிமிர்ந்துவிடும். வெளியே மயிரிழைக் கீறல்தான் இருக்கும், உள்ளே படைகள் விட்டுப்போயிருக்கும். அதனால் நான் முதலில் படகுக்குள் ஏறித்தான் பார்ப்பேன். பூச்சில்லாத இடத்தில் வெள்ளை படர்ந்திருந்தால் அங்கே இழை உடைந்திருக்கிறது.

பிறகு சுத்தியல் பிடியால் தட்டிக்கொண்டு போவேன். பலாப்பழம் பார்க்கிற மாதிரித்தான்: ‘டக்’கென்று கேட்டால் நல்லது, ‘தொப்’பென்றால் படை விட்டிருக்கிறது. சத்தம் மாறும் இடங்களைப் பென்சிலால் சுற்றி வளைத்தால் காயத்தின் உண்மையான அளவு தெரியும். அது கண்ணுக்குத் தெரிந்த கீறலைவிடப் பல மடங்கு பெரிதாக இருப்பது வழக்கம்.

கீறலின் போக்கையும் பார்க்கவேண்டும். நட்சத்திரம் போல விரிந்தால் அடி. ஒரே திசையில் வரிவரியாக ஓடினால் அந்த இடம் நெடுநாளாக வளைந்து வளைந்து களைத்திருக்கிறது. அங்கே ஒட்டுப் போட்டால் மட்டும் தீராது, உள்ளே வங்குக்கட்டை வைத்து வலுவாக்க வேண்டும். 2004 சுனாமிக்குப் பிறகு அவசரத்தில் வார்த்த படகுகளில் தரக்குறைவானவையும் இருந்தன. உடல் மெல்லிதாக வார்த்த படகோ என்ற சந்தேகம் எனக்கு இந்த வரிக்கீறலைக் கண்டால்தான் முதலில் வரும். எஞ்சின் பூட்டும் பலகையையும் விட்டுவிடாதீர்கள். போல்ட் துளையால் தண்ணீர் இறங்கி உள்ளிருக்கும் பிளைவூட் உக்கியிருந்தால், மேலே என்ன பூசினாலும் ஒருநாள் எஞ்சின் கடலில்தான் நிற்கும்.

காயவைப்பதில்தான் ஆட்களுக்குப் பொறுமையில்லை. வாடைக்காலத்தில் படகு சும்மா கிடக்கிறது, அப்போதே திருத்தலாம் என்பார்கள். மழையீரத்தில் பொலியெஸ்ரர் ரெசின் சரியாகப் பிடிக்காது. நன்னீரால் உப்பைக் கழுவி, கூரையின் கீழ் வைத்து, நன்றாக உலர்ந்தபின் தொடங்குங்கள்.

பழுதான இழை முழுவதையும் அரைத்து எடுத்து, ஓரங்களைச் சரிவாக்க வேண்டும். தடிப்பைப் போலப் பன்னிரண்டு மடங்கு சரிவு என்பது கணக்கு. உடல் 5 மில்லிமீற்றர் தடிப்பென்றால் எல்லாப் பக்கமும் 6 சென்ரிமீற்றர். ‘இவ்வளவு பெரிய ஓட்டையா?’ என்று சொந்தக்காரர் முகம் கறுப்பார், கறுக்கட்டும். சரிவில்லாமல் போட்ட ஒட்டு அடுத்த அலையோடு தட்டையாகக் கழன்று வரும். அசெற்றோனால் துடைத்த பின் அந்த இடத்தைக் கையால் தொடக்கூடாது.

சதுர மீற்றருக்கு 450 கிராம் நிறையுள்ள கண்ணாடியிழை மட் ஒரு படை இறுகினால் ஏறத்தாழ 1 மில்லிமீற்றர் வரும். ரெசின் மட்டின் நிறையைப்போல இரண்டு, இரண்டரை மடங்கு போதும். கூட ஊற்றினால் பலமில்லை, நொறுங்கும். காற்றுக் குமிழ்களை உருளையால் உருட்டி வெளியேற்றுங்கள். எங்கள் வெயிலில் ஒரு கிலோ ரெசினுக்கு 10 மில்லிலீற்றர் ஹார்ட்னர் காணும். காலையிலேயே வேலையை முடிப்பது நல்லது. எப்பொக்சி நல்ல பிடிமானம் தரும், விலை கூட. ஆனால் அதற்குச் சாதாரண மட் பொருந்தாது. நெய்த துணி வேண்டும்.

கடைசியாக ஒன்று. ரெசினை விரைவாக இறுகவைக்கச் சேர்க்கும் கோபால்ற்றையும் ஹார்ட்னரையும் ஒருபோதும் நேராகக் கலக்காதீர்கள், வெடிக்கும். முதலில் கோபால்ற்றை ரெசினில் நன்றாகக் கலக்கிவிட்டுப் பிறகுதான் ஹார்ட்னர். ஹார்ட்னர் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். கண்ணாடி போட்டுத்தான் ஊற்றவேண்டும். தெறித்துவிட்டால் உடனே நன்னீரால் கால் மணித்தியாலமாவது கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.