வழுக்கும் பாதையில் ஒரு மஞ்சள் விளக்கு

கடந்த ஒக்டோபரில் ஒரு நாள், பிற்பகல் வகுப்பு முடிந்து வேனில் வீடு திரும்பிக்கொண்டிருந்தோம். பலாங்கொடை நகரைத் தாண்டித் தேயிலைத் தோட்டத்துக்குள் ஏறும் சிறிய பாதை. காலையிலிருந்து விடாத மழை. எதிரே வந்த லொறிக்கு இடம் கொடுக்க வேன் சற்று ஒதுங்கியது. மீண்டும் ஏற முயன்றபோது, பாதையோரச் சேற்றில் இறங்கியிருந்த இடது பின்சில்லு கிறுகிறுவெனச் சுழன்றது. தாரில் நின்ற வலது பின்சில்லு அசையவே இல்லை. வேன் ஓரடி பின்னுக்குச் சரிந்தது. கீழே பள்ளம்.

“பிள்ளைகள், எல்லாரும் மெதுவா இறங்குங்க” என்றார் சாரதி நானா. இறங்கிச் சில்லுகளுக்குப் பின்னால் கல் வைத்தோம்.

அப்போது பின்னால் வந்த காரில் எங்கள் அயலவரான ஆசிரியர் ஒருவர் இருந்தார். எங்களில் மூவரை ஏற்றிக்கொண்டார். அந்தக் காரின் இடது முன்சில்லும் அதே சேற்றில்தான் இறங்கியது. ஒரு கணம் ‘கரகர’ என்றொரு சத்தம். சாரதிக்கு முன்னாலுள்ள தட்டில் ஒரு மஞ்சள் விளக்கு சிமிட்டியது. கார் ஏறிவிட்டது!

அன்றிரவு உம்மா, “இனி மழை நாளில் பிற்பகல் வகுப்புக்குப் போக வேண்டாம்” என்று சொல்லிவிட்டார். எனக்கோ இரண்டு கேள்விகள். பிடிமானம் இருந்த வலது சில்லு ஏன் சும்மா நின்றது? அந்த மஞ்சள் விளக்கு என்ன செய்தது?

முதற் கேள்விக்கு விடை, இரு சில்லுகளுக்கும் நடுவிலுள்ள ‘டிபரன்ஷல்’ என்னும் பற்சில்லுத் தொகுதியில் இருக்கிறது. வளைவில் திரும்பும்போது வெளிப்புறச் சில்லு உட்புறச் சில்லைவிடக் கூடுதல் தூரம் ஓட வேண்டும். ஆகவே இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுழல இத்தொகுதி இடமளிக்கிறது. ஆனால் எஞ்சினின் முறுக்கத்தை அது இரு பக்கமும் சமமாகவே பகிரும். ஒரு சில்லு சேற்றில் வழுக்கினால், சேறு தாங்கும் அளவு முறுக்கமே மற்றச் சில்லுக்கும் கிடைக்கும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். 1200 கிலோகிராம் திணிவுள்ள கார், பத்துக்கு ஒன்று என்ற சாய்வில் ஏற வேண்டும். புவியீர்ப்பு ஆர்முடுகலை 10 என்று கொண்டால், அதற்குச் சுமார் 1200 நியூட்டன் விசை தேவை. சேற்றிலுள்ள சில்லு 300 நியூட்டன் மட்டுமே தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். தாரில் நிற்கும் சில்லுக்கும் அதே 300தான். மொத்தம் 600 நியூட்டன். கார் ஏறாது. அக்சலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் சேற்றுச் சில்லு இன்னும் வேகமாகச் சுழலுமே தவிர வேறெதுவும் நடக்காது.

இனி இரண்டாவது கேள்வி. அந்தக் காரில் இருந்தது வழுக்கல் கட்டுப்பாட்டுத் தொகுதி. ஆங்கில எழுத்துகளில் டி.சி.எஸ். என்று சுருக்கிச் சொல்வார்கள். ஒவ்வொரு சில்லின் அருகிலும் அதன் சுழற்சி வேகத்தை அளக்கும் உணரி ஒன்று உண்டு. நான்கு உணரிகளின் செய்தியையும் சிறு கணினி ஒன்று இடைவிடாமல் ஒப்பிடுகிறது. எஞ்சின் இழுக்கும் சில்லொன்று மற்றவற்றைவிட மிக வேகமாகச் சுழன்றால், அது வழுக்குகிறது என்று அறிந்துகொள்கிறது.

உடனே இரண்டு வேலைகள் நடக்கும். ஒன்று, சாரதி எவ்வளவு மிதித்தாலும் எஞ்சினின் வலுவைக் குறைப்பது. மற்றது, வழுக்கும் சில்லுக்கு மட்டும் பிரேக் போடுவது. நான் கேட்ட ‘கரகர’ சத்தம் அதுதான். அந்த பிரேக் 1000 நியூட்டனுக்குச் சமமாகத் தடுக்கிறது என்று கொள்வோம். சேற்றுப் பக்கம் இப்போது 1300ஐத் தாங்கும். டிபரன்ஷல் சமமாகப் பகிர்வதால் தாரிலுள்ள சில்லும் 1300 பெறும். பாதையைத் தள்ளும் மொத்த விசை 1300உம் 300உம் சேர்ந்து 1600 நியூட்டன். தேவைப்பட்டது 1200. கார் ஏறிவிடும்!

பௌதிகவியல் பாடத்தில் எல்லை உராய்வைவிட இயக்க உராய்வு குறைவு என்று படிக்கிறோம். டயர் சிறிதளவு, ஏறத்தாழ நூற்றுக்குப் பத்து முதல் இருபது வரை, வழுக்கும்போது பிடிமானம் உச்சத்தில் இருக்கும். அதைத் தாண்டிச் சுழன்றால் பிடிமானம் குறைந்துவிடும். சில்லை அந்த எல்லைக்குள் வைத்திருப்பதே இத்தொகுதியின் வேலை.

இந்த எண்ணம் புதிதல்ல. 1971இல் அமெரிக்காவின் பியூக் நிறுவனம் எஞ்சின் வலுவைக் குறைக்கும் ஆரம்ப வடிவமொன்றைக் கொண்டுவந்தது. 1978இல் ஜெர்மனியின் பொஷ் நிறுவனத்தின் இலத்திரனியல் பிரேக் தொகுதி மெர்சிடிஸ் கார்களில் வந்தது. பிரேக் போடும்போது சில்லுகள் இறுகிப்போகாமல் தடுப்பது அது. அதே உணரிகளைக் கொண்டு 1986இல் வழுக்கல் கட்டுப்பாடும், 1995இல் வாகனம் பக்கவாட்டில் சறுக்குவதைத் தடுக்கும் தொகுதியும் வந்தன.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. இத்தொகுதி உராய்வை உண்டாக்குவதில்லை. இருக்கும் உராய்வை வீணாக்காமல் பயன்படுத்துகிறது, அவ்வளவுதான். டயர் தேய்ந்திருந்தால் கணினியால் என்ன செய்ய முடியும்? மழைநீரை வெளியே தள்ளுவது டயரிலுள்ள பள்ளங்கள். அப்பள்ளங்களுக்குள் 1.6 மில்லிமீற்றர் உயரத்தில் சிறு மேடுகள் உண்டு. டயர் தேய்ந்து அவற்றுக்குச் சமமாகிவிட்டால் மாற்றியே ஆக வேண்டும்.

பெற்றோர்களே, பிள்ளைகள் செல்லும் வாகனத்தின் டயரை ஒரு முறை குனிந்து பாருங்கள். கார் வைத்திருப்போர், வழுக்கும் இடத்தில் மஞ்சள் விளக்கு சிமிட்டினால் பயப்பட வேண்டாம். காலை மெதுவாகத் தளர்த்துங்கள். அது அணையாமல் நிலையாக எரிந்தால், யாரும் அத்தொகுதியை நிறுத்தி வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். இல்லையென்றால் கராஜில் காட்டுங்கள்.

இதையெல்லாம் நான் வீட்டில் படம் வரைந்து விளக்கினேன். அடுத்த நாள் வாப்பா எங்கள் வேனின் டயரைப் பார்த்தார். பின் டயர் இரண்டும் வழுவழுவென்று இருந்தன. சாரதி நானாவுடன் பெற்றோர் நால்வர் பேசினர். ஒரு வாரத்தில் டயர்கள் மாறின. கடும் மழை நாளில் அந்தக் குறுக்குப் பாதையில் ஏறாமல் பெரிய பாதையால் சுற்றி வருவதென்றும் முடிவாயிற்று.

எங்கள் பழைய வேனில் மஞ்சள் விளக்கு இல்லை. ஆனால் இப்போது மழை பெய்தாலும் உம்மா என்னை வகுப்புக்கு அனுப்புகிறார்.