எலி கண் விழிக்குமா?

அமெரிக்க ஆய்வகம் ஒன்றில் புதிதாகச் சேர்ந்திருக்கும் இளம் விஞ்ஞானிக்கு,

அனுமதி வாங்கிய விலங்காய்வுத் திட்டம் எழுதியபடியே கடைசிவரை ஓடுவது அபூர்வம். வழக்கமான மயக்க மருந்து கிடைக்காமல் போகும்; நடுவில் புதுக் கேள்வி முளைக்கும். ‘சின்ன மாற்றம்தானே’ என்று தோன்றும். சின்னதா பெரியதா என்பதை எலியின் பக்கம் நின்றுதான் அளக்க வேண்டும்.

உதாரணமாக, மயக்கத்தில் கிடக்கும் சுண்டெலியின் மூளையில் மின்முனை செருகிப் பதிவெடுத்து, விழிக்கும் முன்பே அதன் உயிரைப் போக்கிவிடுவது என்பது திட்டம். மறுநாளும் பதிவெடுத்தால் நல்லது என்று ஆய்வாளருக்குப் படுகிறது. கருவி அதேதான், மருந்தும் அதேதான். ஆனால் இப்போது எலி கண் விழிக்கும். தையல் வலிக்கும். கிருமி நீக்கிய கருவிகளும் வலிநிவாரணியும் வேண்டும். எடை குறைகிறதா, முதுகு கூனி, ரோமம் சிலிர்த்து மூலையில் ஒடுங்குகிறதா என்று பார்க்க ஆள் வேண்டும். எந்த நிலை வந்தால் ஆய்வை நிறுத்துவது என்பதை முன்பே எழுதிவைக்க வேண்டும்.

அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் 2014ஆம் ஆண்டு வழிகாட்டுதல் இந்த வேறுபாட்டைத் தெளிவாகவே சொல்கிறது. எலி விழிக்காத அறுவையை விழிக்கும் அறுவையாக்குவது, வலியைக் கூட்டுவது, விலங்கினத்தையோ ஆய்வு நோக்கத்தையோ முதன்மை ஆய்வாளரையோ மாற்றுவது எல்லாம் ஆய்வகத்தின் விலங்காய்வு அனுமதிக் குழு முழுவதிடமுமோ, அதன் தலைவர் நியமிக்கும் உறுப்பினரிடமோ போயாக வேண்டும். மயக்க மருந்தை மாற்றுவது அப்படியல்ல. அதற்கென்று குழு முன்கூட்டியே ஏற்ற கொள்கை இருந்தால், கால்நடை மருத்துவரைக் கலந்து அலுவலக அளவிலேயே முடித்துவிடலாம். எழுத்துப்பிழைத் திருத்தத்துக்கு அவரும் தேவையில்லை.

ஆகவே மாற்றம் கோரும் படிவத்தைத் திறக்கும் முன் மருத்துவரிடம் பேசுவதே புத்திசாலித்தனம். எந்த மருந்து எத்தனை மணிநேரம் தாங்கும், எந்த அறிகுறியைக் கவனிப்பது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. விண்ணப்பத்தில் ‘கூடுதலாக 20 எலிகள்’ என்று மட்டும் எழுதினால் போதாது. ஏன் 20, ஏன் 12 போதாது, ஒவ்வோர் எலிக்கும் காலையிலிருந்து மாலைவரை என்ன நடக்கும் என்று எழுத வேண்டும். குழுவில் அறிவியல் துறை சாராத உறுப்பினர் ஒருவர் கட்டாயம் இருப்பார். அவருக்கும் புரிய வேண்டும்.

குழுவின் பதில் வரும்வரை பழைய திட்டம்தான் செல்லும். இடைப்பட்ட நாளில் செய்த வேலைக்குப் பின்தேதியிட்ட அனுமதி கிடையாது. அந்தச் செலவைத் தேசிய சுகாதார நிறுவன மானியத்தில் எழுதவும் முடியாது. ஆனால் கூண்டில் ஓர் எலி துடிக்கிறதென்றால் அப்போது படிவத்துக்காகக் காத்திருக்கக் கூடாது. உடனே மருத்துவரைக் கூப்பிட வேண்டும். சிகிச்சை தரவும், தேவைப்பட்டால் கருணைக்கொலை செய்யவும் அவருக்கு அதிகாரம் உண்டு.