ஒளிமிகு சூப்பர்நோவாவும் காமாக் கதிர் வெடிப்பும்

1998 ஏப்ரல் 25 அன்று பதிவான காமாக் கதிர் வெடிப்பின் திசையிலேயே ஒரு சூப்பர்நோவாவும் காணப்பட்டது. இது தற்செயலோ என்ற ஐயம் 2003-இல் நீங்கிற்று. நெடிய காமாக் கதிர் வெடிப்புகளுக்கும் பேரெடை விண்மீனின் அழிவே மூலம் எனத் தெளிவாயிற்று.

ஆனால் 2011 டிசம்பர் 9 அன்று ஸ்விஃப்ட் செயற்கைக்கோள் கண்ட வெடிப்பு, வழக்கம்போல் சில நிமிடங்களில் அடங்காமல், 10,000 வினாடிக்கு மேல் நீடித்தது. அதனையடுத்து வெளிப்பட்ட சூப்பர்நோவா, இவ்வகையில் அதுவரை அறியப்பட்டவற்றைவிட ஏறத்தாழ மும்மடங்கு ஒளிர்ந்தது.

இவற்றின் ஒளிக்குப் பொதுவாகக் கூறப்படும் காரணம் கதிரியக்க நிக்கலின் சிதைவு. இங்கோ அக்கணக்கு பொருந்தவில்லை. அத்துணை ஒளிக்கு ஏறத்தாழ ஒரு சூரியனின் நிறையளவு நிக்கல் வேண்டும். நிறமாலையிலோ அதற்கேற்ற உலோகத் தடயம் இல்லை. ஆகவே, வெடிப்பின் நடுவே பிறந்து அதிவேகமாகச் சுழலும் மாக்னட்டார் என்னும் கடுங்காந்த நியூட்ரான் விண்மீனே ஆற்றலை ஊட்டியது என 2015-இல் ஆய்வாளர்கள் விளக்கினர். இஃது ஏற்கத்தக்கதே, எனினும், கருந்துளைக்குள் மீண்டும் விழும் பொருளே ஆற்றலின் ஊற்று என்பாரும் உளர்.