மரம் மொட்டையானால் மருந்துதான் வழியா?

சில ஆண்டுகளில் ஜூன் மாதம் டொரன்டோவின் ஓக் மரங்களுக்கு அடியில் நின்றால், வானம் தெளிவாக இருக்கும்போதே தூறல் விழும் சத்தம் கேட்கும். விழுவது மழையல்ல, மேலே இலை தின்னும் லட்சக்கணக்கான கம்பளிப்பூச்சிகளின் எச்சம். இவை 'ஸ்பாஞ்சி' அந்துப்பூச்சியின் புழுக்கள். 2022 வரை 'ஜிப்சி மாத்' என்று அழைக்கப்பட்டது இந்தப் பூச்சிதான். 2021இல் ஒன்டாரியோ மாகாணத்தில் மட்டும் 17 லட்சம் ஹெக்டேருக்கு மேற்பட்ட பரப்பில் இவை மரங்களின் இலைகளைத் தின்றன. ஸ்கார்பரோவிலும் மார்க்கத்திலும் வீட்டுத் தோட்டம் வைத்திருக்கும் தமிழர்களுக்கும் இந்தப் புழு பழக்கமானதே. அதைப் பற்றிய தவறான நம்பிக்கைகளும் அங்கே ஏராளம்.

நம்பிக்கை: இலையெல்லாம் போய்விட்டால் மரம் செத்துவிடும்.

உண்மை: ஓக், மேப்பிள், பிர்ச் போன்ற இலையுதிர் மரங்கள் நல்ல நிலையில் இருந்தால், மொட்டையான சில வாரங்களில் மறுபடி தளிர்த்துவிடும். ஆனால் சேமித்து வைத்த சத்தைச் செலவழித்துத்தான் அவை தளிர்க்கின்றன. இரண்டு மூன்று ஆண்டுகள் அடுத்தடுத்து இலை பறிபோனால், அல்லது கூடவே வறட்சியும் சேர்ந்தால், மரம் நலிந்து வேறு நோய்களுக்கு இரையாகும். வெண்பைன், ஸ்ப்ரூஸ் போன்ற ஊசியிலை மரங்கள் ஒரே முறை முழுதாக மொட்டையானாலும் பட்டுப்போகலாம். எனவே, மொட்டையான மரத்துக்கு முதலில் வேண்டியது கோடையில் வேர் நனையத் தண்ணீர்.

நம்பிக்கை: கடுமையான மருந்தாக அடித்தால் ஒரேயடியாக ஒழிந்துவிடும்.

உண்மை: இந்த வழி நூறாண்டுக்கு முன்பே சோதித்துத் தோற்றது. 1860களின் இறுதியில், பட்டுப்புழு வளர்ப்பில் ஆர்வம் கொண்டிருந்த எத்தியென் லியோபோல்டு ட்ரூவெலோ என்ற பிரெஞ்சுக்காரர் இந்தப் பூச்சியை ஐரோப்பாவிலிருந்து பாஸ்டனுக்கு அருகிலுள்ள மெட்ஃபோர்டுக்குக் கொண்டுவந்தார். அவரிடமிருந்து சில தப்பின. 1889இல் மெட்ஃபோர்டின் வீட்டுச் சுவர்களிலும் நடைபாதைகளிலும் புழுக்கள் அப்பிக் கிடந்தன. அடுத்த ஆண்டே மாசசூசெட்ஸ் அரசு ஒழிப்பு வேலையைத் தொடங்கியது. ஈய ஆர்சனேட் என்ற நஞ்சு அந்தப் போருக்காகவே 1890களில் தயாரானது. பூச்சி ஒழியவில்லை. 1957இல் அமெரிக்காவின் வடகிழக்கில் ஏறத்தாழ 30 லட்சம் ஏக்கரில் விமானத்திலிருந்து டி.டி.டி. கொட்டினார்கள். அப்போதும் ஒழியவில்லை. அந்தத் தெளிப்பு நியூயார்க்கின் லாங் ஐலண்ட் மக்களை நீதிமன்றம் வரை கொண்டுபோனது. ரேச்சல் கார்சன் 1962இல் வெளியிட்ட 'சைலன்ட் ஸ்பிரிங்' நூலில் அதைப் பதிவு செய்தார். நஞ்சு மண்ணில் தங்கியது, பூச்சியோ கனடா வரை பரவியது.

நம்பிக்கை: இப்போது ஹெலிகாப்டரில் தெளிப்பதும் அதே மாதிரி விஷம்தான்.

உண்மை: டொரன்டோ மாநகராட்சி தெளிப்பது மண்ணில் இயல்பாக வாழும் பாசில்லஸ் துரிஞ்ஜியென்சிஸ் என்ற பாக்டீரியாவின் ஒரு வகையை. பி.டி. பருத்தியின் மரபணுவும் இதே பாக்டீரியா இனத்திலிருந்து வந்ததுதான். இதிலுள்ள புரதப் படிகம் புழுவின் காரத்தன்மை கொண்ட குடலில் கரைந்து, குடல்சுவரைத் துளைக்கிறது. புழு தின்பதை நிறுத்திச் சில நாளில் சாகிறது. மனிதர்களையும் பறவைகளையும் தேனீக்களையும் அது இப்படித் தாக்குவதில்லை. வெயில் பட்டால் சில நாளில் சிதைந்தும்விடும்.

ஒரு குறை உண்டு. அந்த நேரத்தில் இலை தின்றுகொண்டிருக்கும் மற்ற வண்ணத்துப்பூச்சி, அந்துப்பூச்சிப் புழுக்களையும் இது கொல்லும். ஆகவே பாதிப்பு மிகுந்த பகுதிகளில் மட்டும், புழுக்கள் சிறிதாக இருக்கும் மே மாதத்தில் தெளிப்பதே முறை. விரல் நீளத்துக்கு வளர்ந்த புழுவைப் பார்த்துவிட்டு ஜூன் கடைசியில் மருந்து தேடினால் பயனில்லை.

நம்பிக்கை: புழுவைத் தின்னும் எதிரியை வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விட்டால் போதும்.

உண்மை: 1906இல் அமெரிக்கா அப்படித்தான் ஐரோப்பாவிலிருந்து ஓர் ஒட்டுண்ணி ஈயைக் கொண்டுவந்தது. அது இந்தப் புழுவோடு நிற்காமல் நூற்றுக்கு மேற்பட்ட உள்ளூர்ப் பூச்சி இனங்களிலும் தன் குஞ்சுப்புழுக்களைச் செலுத்தியது. செக்ரோபியா போன்ற அழகிய பெரும்பட்டு அந்துப்பூச்சிகள் குறைந்ததற்கு அந்த ஈ ஒரு காரணம் என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர். ஸ்பாஞ்சிப் புழுவின் பெருக்கத்தை முடித்துவைப்பவை பெரும்பாலும் வேறு இரண்டு: ஈரமான வசந்தத்தில் பரவும் ஒரு பூஞ்சை, கூட்டம் நெருக்கமாகும்போது பரவும் ஒரு வைரஸ். புழு தலைகீழ் 'V' போல வளைந்து தொங்கவும், தண்டோடு ஒட்டி உலரவும் இவைதான் காரணம்.

நம்பிக்கை: தனி வீட்டுக்காரர் செய்வதற்கு ஒன்றுமில்லை.

உண்மை: இந்தப் பூச்சியின் பெண்ணால் பறக்க முடியாது. ஆகஸ்ட் வாக்கில் தண்டிலும் சுவரிலும் நாற்காலியின் அடியிலும், மஞ்சள் பழுப்பு ரோமம் மூடிய முட்டைக்குவியலை வைத்துவிட்டுச் செத்துவிடும். ஒரு குவியலில் பல நூறு முட்டைகள். செப்டம்பரிலிருந்து ஏப்ரல் வரை இவற்றைச் சுரண்டியெடுத்துச் சோப்புத் தண்ணீரில் ஊறப்போடலாம். தரையில் தட்டிவிட்டால் முட்டை சாகாது. ஜூனில் தண்டைச் சுற்றிச் சாக்குத்துணி கட்டி, மேல்பாதியை மடித்துவிட்டால், பகலில் வெயிலுக்கு ஒதுங்கும் பெரிய புழுக்கள் மடிப்புக்குள் சேரும். பிற்பகலில் எடுத்துவிடலாம். ரோமம் பட்டால் தோல் தடிக்கும் என்பதால் கையுறை கட்டாயம்.

இந்த இலையுதிர் காலத்தில் உங்கள் மரத்தண்டுகளை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். முகாமுக்குப் போய்த் திரும்பும்போது விறகைக் கொண்டுவராதீர்கள், காரின் அடிப்பக்கத்தையும் பார்த்துவிடுங்கள். பெண் பறக்காத இந்தப் பூச்சி பெரும்பாலும் நம் வண்டிகளில்தான் புதிய ஊருக்குப் போகிறது.