அறியா வினாவும் ஐய வினாவும்: நாணயம் சேகரிப்போர் வழக்கை முன்வைத்து ஒரு நோக்கு

நன்னூலார் வினாவினை அறுவகையாகவும் விடையினை எண்வகையாகவும் பகுத்துக் காட்டினார். பள்ளிப் பருவத்தில் அவற்றை மனப்பாடம் செய்து மதிப்பெண் பெற்றதோடு நம்மிற் பலர் அமைந்துவிட்டோம். அப்பகுப்பு மக்கள் வழக்கில் எவ்வாறு இயங்குகின்றது என்பதை, நாணயம் சேகரிப்போரிடையே கண்ட ஒரு செய்தியைக் கொண்டு இக்கட்டுரையில் ஆராய முற்படுகின்றோம்.

நாணயம் சேகரிப்போர் கூடும் இடத்திற்குப் புதிதாய் வருவோர் பெரும்பாலும் ஒரே வினாவையே கேட்கின்றனர்: "என்னிடம் ஒரு பழைய காசு உள்ளது, என்ன விலை போகும்?" எவ்வரசின் காசு, எந்த உலோகம், எந்த ஆண்டு என்னும் குறிப்பு எதுவும் அதில் இல்லை. ஆண்டு ஒன்று மாறினும் மதிப்பு மாறும். ஆறாம் ஜார்ஜ் மன்னரின் 1938ஆம் ஆண்டு வெள்ளி ரூபாய் எளிதிற் கிடைக்கும். 1939ஆம் ஆண்டு ரூபாயோ அரிது. விடுதலைக்குப் பிந்திய காசுகளிலும் ஆண்டெண்ணுக்குக் கீழே உள்ள சிறு குறியை நோக்குதல் வேண்டும். சாய்சதுரம் மும்பையையும், விண்மீன் ஐதராபாத்தையும், புள்ளி நொய்டாவையும் குறிக்கும். குறியே இல்லையெனில் கொல்கத்தா. இவற்றை அறியாதவர் இவற்றை எவ்வாறு எடுத்துரைப்பார்? வினா தெளிவற்றிருப்பது அவரது சோம்பலால் அன்று. எதைச் சொல்ல வேண்டும் என்பதே அவர் இனிமேல் கற்க வேண்டிய பாடமாகும்.

இங்குதான் பழகியோர் பலர் வழுவுகின்றனர். ஆசிரியர் ஆகாதாருக்கு நன்னூல் கூறும் உவமைகளை எண்ணிப் பார்ப்போம். கழற்காய் பெய்த குடம், பெய்த முறையன்றி எல்லாவற்றையும் ஒருசேரக் கொட்டும். அத்தகையோர், புதியவர் வாய் திறந்த அளவிலேயே பல்லவர் காசு முதல் பகோடா வரை உரைத்து அவரைத் திணறச் செய்வர். பருத்திக் குண்டிகையை ஒத்தாரோ, "நூல் வாங்கிப் படித்துவிட்டு வா" என்பதோடு நிறுத்திக்கொள்வர். முன்னவரைக் காட்டிலும் பின்னவரால் விளையும் தீங்கே பெரிதென்பது எம் கருத்து. அவர் திருப்பி அனுப்பியவர் வேறு எங்குச் செல்கின்றார் என்பதைப் பின்னர்க் காண்போம்.

எம் துறை மாணவர் ஒருவர், தம் பாட்டியாரின் பெட்டகத்திற் கிடைத்த வெள்ளிக் காசு ஒன்றை முதிய சேகரிப்பாளர் ஒருவரிடம் கொண்டு சென்றார். யாமும் உடன் சென்றிருந்தோம். அரபு எழுத்தறிந்த மாணவராதலின், பாரசீக வாசகத்தினிடையே 1172 என்னும் எண்ணை அவரே படித்துவிட்டார். "ஹிஜ்ரி 1172, ஐயா. கி.பி. 1758 அல்லது 1759. இதன் விலை என்ன?" என்றார். பெரியவர் விலை கூறவில்லை. "நன்றாகப் படித்தீர், தம்பி. ஆண்டு இருக்கட்டும், வாசகத்தோடு ஏதேனும் பூ உண்டா, இல்லையா? விளிம்பு வழவழப்பாக உள்ளதா, வரி வெட்டியுள்ளதா?" என்று மட்டும் வினவினார். மாணவர் காசைத் திருப்பித் திருப்பி நோக்கி, தாமரை ஒன்று இருப்பதையும் விளிம்பில் வரிகள் ஓடுவதையும் கண்டறிந்தார். அதன்பின்னரே பெரியவர் விளக்கினார். அது ஆர்க்காட்டு ரூபாய். இரண்டாம் ஆலம்கீர் பெயரும் ஆர்க்காடு என்னும் ஊர்ப்பெயரும் அதில் உள்ளன. ஆயினும் அதனை வெளியிட்டது கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை நாணயச்சாலையே. 1759இல் அம்மன்னர் கொலையுண்ட பின்னரும் 1172 என்னும் ஆண்டை மாற்றாமலேயே பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை அச்சிட்டு வந்தனர். எனவே ஆண்டைச் சரியாகப் படித்தும் காலத்தை அறிய இயலாது. தாமரையும் விளிம்புமே வழிகாட்டும்.

பெரியவர் செய்ததை இலக்கண நோக்கிற் காண்போம். மாணவர் கேட்டது அறியா வினா. அதற்குரிய விடையைத் தாராமல், "இதுவோ அதுவோ" என்னும் ஐய வினாவாக அதனை மாற்றி அவர் கையிலேயே திருப்பித் தந்தார் பெரியவர். அறியா வினா கேட்டவருக்குப் பிறர் வாயையே நோக்கி நிற்றல் வேண்டும். ஐய வினா பெற்றவருக்கோ தம் கண்ணே போதும். நன்னூல் எண்வகை விடையுள் ஒன்றாக வினாதலைக் கூறியிருப்பது இங்கு நினைவிற்கு வரலாம். ஆயின் இரண்டும் ஒன்றல்ல. "செய்வாயா?" என்றார்க்குச் "செய்யேனோ?" என்பது உடன்பாட்டைத் தன்னுள் அடக்கிய விடை. பெரியவரின் எதிர்வினாவோ விடைக்கு வேண்டிய பொருளைத் தேடுவது. பெயர் ஒன்றாயினும் தொழில் வேறு.

எதிர்வினா எல்லாம் நன்றென்றும் கொள்ளற்க. எடை, விட்டம், உலோகம், இருபுறப் படம் எனப் பத்தினை ஒரே மூச்சிற் கேட்பது நீதிமன்றக் குறுக்கு விசாரணையை ஒக்கும். புதியவர் அஞ்சி விலகுவார். உடனே சொல்லியாக வேண்டியதும் ஒன்றுண்டு. காசைப் புளியிட்டுத் தேய்த்துவிட்டால் அதன் பழமைப் பூச்சும் மதிப்பும் அழியும். "தேய்க்காதீர்" என்பதை மட்டும் எவ்வினாவுக்கும் காத்திராமல் முதலிலேயே கூறிவிடல் வேண்டும்.

இனி, திருப்பி அனுப்பப்பட்டவர் செல்லுமிடம் யாது? "பழைய காசுக்குப் பல இலட்சம்" என விளம்பரம் செய்வோரிடம் அவர் சேர்கின்றார். தன் பெயரைப் பயன்படுத்திக் கட்டணமும் தரகும் வரியும் கேட்டு ஏய்ப்போர் உளர் என, 2021ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் இந்திய ரிசர்வ் வங்கியே பொதுமக்களை எச்சரிக்க நேர்ந்தது. இத்தகைய ஏய்ப்போனுக்கு எதிர்வினா தேவைப்படுவதில்லை. விளிம்பையோ எடையையோ கேளாமல் பெருந்தொகை ஒன்றை உடனே கூறிவிடுவான். தெளிவற்ற வினாவே அவனுக்கு முதல். பேத்தி திருமணத்திற்காகக் காசுப் பெட்டியைத் திறக்கும் எளிய குடும்பத்தார், இருக்கும் சேமிப்பையும் முன்பணமாகக் கட்டி இழக்கின்றனர்.

எம் மாணவர் மறுவாரம் நகைக்கடைத் தராசில் காசை நிறுத்து, பதினொன்றரைக் கிராமுக்குச் சற்று மிகுதி என்று குறித்துக்கொண்டு மீண்டும் சென்றார். விலையைப் பற்றி இம்முறை அவர் பேசவில்லை. "மறைந்த மன்னரின் பெயரைக் கம்பெனியார் ஏன் விடாமல் பொறித்தனர், ஐயா?" என்று கேட்டார். பழகிய பெயரும் எழுத்தும் உள்ள காசையே மக்கள் நம்பி வாங்கினர் என்று தொடங்கிய பெரியவர், மாலைவரை பேசிக்கொண்டிருந்தார்.