கிளினிக்கைப் பெரிதாக்கப் போகிறீர்களா? கடலூர், சிதம்பரம் மருத்துவர்களுக்கு

கிளினிக்கில் இடம் போதவில்லை என்றதும் பலரும் முதலில் கூப்பிடுவது மேஸ்திரியை. அதற்கு முன் ஓ.பி. நோட்டை எடுத்துப் பாருங்கள். கூட்டம் தேங்குவது டாக்டர் அறை வாசலிலா, ஊசி போடும் இடத்திலா, ரத்தம் எடுக்கும் மேசையிலா? பெரும்பாலும் காத்திருக்கும் இடமும் டிரஸ்ஸிங் அறையும்தான் போதாமல் இருக்கும். போடும் பிளானிலோ ஆபரேஷன் தியேட்டர் இருக்கும். சிதம்பரத்தில் அதற்கு அண்ணாமலை நகர் இருக்கிறது. 1985இல் அங்கே தொடங்கிய ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி 2021இல் அரசின் கைக்கு வந்துவிட்டது. அதன் வேலையை நாலு சென்ட் மனையில் நீங்களும் செய்ய வேண்டியதில்லை.

தேவை முடிவானதும் தரைமட்டம். 2015 மழையிலும், 2024 டிசம்பரில் சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணை பெருகியபோதும் உங்கள் தெருவில் தண்ணீர் எதுவரை நின்றது என்று அக்கம்பக்கத்தில் கேளுங்கள். சுவரில் கறை இருந்தால் டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். பேஸ்மட்டம் அதைவிட ஒரு அடியாவது மேலே இருக்கட்டும்.

இங்கே ஒரு சிக்கல் வரும். சக்கர நாற்காலிக்கான சாய்தளம் ஒரு அடி ஏற 12 அடி நீளம் கேட்கும். மூன்று அடி உயர்த்தினால் 36 அடி. சிதம்பரம் ரத வீதிகளின் குறுகிய, நீண்ட மனைகளில் அதை வாசலில் நேராக நீட்ட முடியாது. பக்கவாட்டில் கொண்டுபோய் நடுவில் ஒரு சமதளம் விட்டுத் திருப்ப வேண்டும். பைக் ஏற்றுவதற்குப் போடும் செங்குத்துச் சரிவைச் சாய்தளக் கணக்கில் சேர்க்காதீர்கள். பழைய தரை தாழ்ந்தும் புதுத் தரை உயர்ந்தும் இருந்தால், இரண்டும் சேரும் இடத்திலும் படி வேண்டாம், சரிவுதான். நோயாளிகள் தடுக்கி விழுவது அங்கேதான்.

அடுத்தது அஸ்திவாரம். கொள்ளிடக் கழிமுகத்துக் களிமண் மழையில் ஊதும், கோடையில் வெடிக்கும். பழைய கட்டடம் பல வருடம் அழுந்தி நிலைகொண்டது. புதியது இனிமேல்தான் அழுந்தும். இரண்டையும் ஒரே பீமில் கோத்தால் மூன்றாம் வருடமே சுவரில் விரல் நுழையும் விரிசல் வரலாம். அதனால் விரிவாக்கத்தைத் தனிக் கட்டடமாகவே கட்டுங்கள்: தனிப் பில்லர், தனி பீம், நடுவில் ஒரு இடைவெளி, அதன்மேல் நகர இடம் கொடுக்கும் மூடி. மண் பரிசோதனை செய்து, அண்டர் ரீம் பைலா, சாதாரண ஃபுட்டிங்கா என்பதை ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் முடிவு செய்யட்டும். பழைய சுவரை ஒட்டிப் பள்ளம் எடுப்பதானால் முழு நீளத்துக்கும் ஒரே நாளில் தோண்ட விடாதீர்கள்.

மேல்மாடி எடுக்கலாம் என்று அப்போதே கம்பி விட்டிருக்கிறோமே என்பீர்கள். கடலூர் முதுநகர், தேவனாம்பட்டினம் பக்கம் என்றால் அந்தக் கம்பியை உப்புக்காற்று தின்றிருக்கும். கான்கிரீட்டின் வலுவைச் சோதிக்காமல் அதன்மேல் பாரம் ஏற்றக் கூடாது. கடற்காற்று நேராகப் படும் இடத்தில் புதுக் கான்கிரீட் எம்30க்குக் குறையாமலும், கம்பிக்கு மேல் கவர் 45 மில்லிமீட்டரும் இருக்க வேண்டும் என்கிறது ஐ.எஸ். 456. கவர் பிளாக்குக்குப் பதில் ஜல்லியைச் செருகுகிறார்களா என்று நீங்களே போய்ப் பாருங்கள்.

காகித வேலையை மண் தோண்டும் முன்பே முடியுங்கள். கடலூரில் மாநகராட்சி, சிதம்பரத்தில் நகராட்சி. அளவுகள் 2019ஆம் ஆண்டுக் கட்டட விதிகளின்படி. கடலோரமானால் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளும் உண்டு. மருத்துவமனைப் பதிவுக்கு ஜே.டி. ஆபீஸ். ஸ்கேன் மெஷினைப் புது அறைக்கு மாற்றுவதானால் 30 நாள் முன்பே எழுதித் தெரிவிக்க வேண்டும். இதை மறப்பவர்கள்தான் அதிகம். எக்ஸ்ரே அறைக்கு 9 அங்குலச் செங்கல் சுவரும் ஈயத் தகடு வைத்த கதவும் வேண்டும். காசு மிச்சம் என்று ஹாலோ பிளாக்குக்கு மாறினால் அந்த அறைக்கு எக்ஸ்ரே அனுமதி கேட்க முடியாது.

தை பிறந்ததும் தொடங்கினால் ஐப்பசி மழைக்குள் தளம் போட்டுவிடலாம். சிதம்பரம் ரத வீதிகளில் ஆனித் திருமஞ்சனத் தேரோட்டம் வரும் வாரத்தில் கான்கிரீட் வேலை வைக்காதீர்கள், லாரி உள்ளே வராது. காலை, மாலை ஓ.பி.க்கு நடுவிலுள்ள மதிய நேரத்தில்தான் உடைப்பும் டிரில்லிங்கும். இடிக்கும் தூசியில் பூஞ்சை வித்துகள் பறக்கும். சர்க்கரை நோயாளிக்கும் ஸ்டீராய்டு எடுப்பவருக்கும் அது ஆபத்து. தரையிலிருந்து கூரை வரை பிளாஸ்டிக் தடுப்பு கட்டி, ஆட்களுக்குத் தனி வழி விடுங்கள்.

காத்திருக்கும் இடத்துக்கு ஏ.சி.யைவிட எதிரெதிர் ஜன்னல் மேல். இருமிக்கொண்டு வருபவரில் காச நோயாளியும் இருப்பார். பழைய சிதம்பரம் வீடுகளின் திண்ணை போலத் திறந்த இடம் அமைந்தால் இன்னும் நல்லது. மருத்துவக் கழிவை 48 மணி நேரத்துக்குமேல் வைத்திருக்கக் கூடாது என்பதால், வண்டிக்காரர் நோயாளிகளுக்கு நடுவே வராமல் எடுத்துப்போகும்படி பின்பக்கம் ஒரு சிறு அறை ஒதுக்குங்கள். ஜெனரேட்டரும் யு.பி.எஸ். பேட்டரியும் தடுப்பூசி ஃப்ரிட்ஜும் வெள்ள மட்டத்துக்கு மேலே. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்த பிறகு மாவட்டத்தின் பல ஊர்களுக்குக் கரண்டு வர வாரக்கணக்கானது. தடுப்பூசிக்கோ 2 முதல் 8 டிகிரி குறையாமல் கூடாமல் வேண்டும்.

பெயின்ட் அடிக்கும் முன் ஒருவரை ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்து, தெருவிலிருந்து ஒவ்வோர் அறைக்கும் தள்ளிப் பாருங்கள். எந்த மூலையில் இடிக்கிறதோ அந்தச் சுவரை அன்றே சரிசெய்யச் சொல்லுங்கள்.