சிறுதுவார ரைபிளும் குறி தவறாமையும்

துப்பாக்கிப் பயிற்சி என்றவுடன் பேரோசையும் தோளில் விழும் உதையுமே பலர்க்கு நினைவு வரும். அவற்றிற்கு அஞ்சியே புதிதாய்ப் பயில்வோன் குறி தவறுகின்றான். விசையை இழுக்குமுன்னரே கண் மூடுகின்றது, தோள் முன்தள்ளுகின்றது, குழல் சாய்கின்றது. ஆதலின் அறிந்தோர் முதற்பாடத்தை .22 என்னும் சிறுதுவார ரைபிளிலேயே தொடங்குவர். 1948-இல் சட்டத்தால் அமைந்த தேசிய மாணவர் படையிற் பயின்றோர் பலர்க்கும் இது பழகிய கருவியே.

இதன் துவாரம் ஏறக்குறைய 5.6 மில்லிமீட்டர். தோட்டாவிற்குத் தீயூட்டும் மருந்து, அடியின் நடுவிலன்றி விளிம்பினுள்ளே அடங்கியிருக்கும். ஊசி விளிம்பை நசுக்க அம்மருந்து பற்றிக்கொள்ளும். பிரான்சு தேயத்துப் புளோபேர் என்பார் 1845-இல் இம்முறைக்கு வழிகாட்டினார். இன்று பெருவழக்கிலுள்ள 'லாங் ரைபிள்' தோட்டா 1887-இல் அமெரிக்காவில் தோன்றியது. குண்டு இரண்டரைக் கிராம் அளவினதே. ஆதலின் உதை மிகச் சிறிது.

இனி, பயிலும் முறை யாதெனின்:

முதலாவது, நிலை. குப்புறப் படுத்துக் கால்களை அகற்றுக. இடமுழங்கை ரைபிளின் கீழ் அமைக. ரைபிளை இறுகப் பற்றாது உள்ளங்கையில் தாங்குக. அடிக்கட்டை தோட்குழியிற் பொருந்துக.

இரண்டாவது, பார்வை. பின்பிளவின் நடுவே முன்முள்ளை நிறுத்துக. கண் தெளிவாய்க் காணவேண்டியது முள்ளையே. இலக்கு சற்று மங்கினும் குற்றமில்லை. பிளவிற்கும் முள்ளிற்கும் இடையே 60 சென்டிமீட்டர் இருப்பின், முள் ஒரு மில்லிமீட்டர் பிசகினும் 25 மீட்டர்த் தொலைவில் குண்டு 4 சென்டிமீட்டர் விலகும்.

மூன்றாவது, மூச்சும் விசையும். மூச்சைப் பாதி விட்டுச் சில நொடி நிறுத்தி, விசையைச் சிறிது சிறிதாய் அழுத்துக. வெடித்தபின்னும் அசையாது முள்ளையே நோக்குக.

யான் பயின்றகாலை என் குண்டுகள் யாவும் இலக்கின் கீழேயே பட்டன. "இந்த ரைபிள் பழுதுடையது, ஐயா" என்றேன். ஆசிரியர் மறுமொழி கூறாது, தாமே தோட்டாவை இட்டுத் தந்தார். அழுத்தினேன், ஓசை எழவில்லை. ஆயினும் குழல்முனை விரற்கடையளவு தாழ்ந்ததை என் கண்ணாலேயே கண்டேன். அவர் இட்டது முன்னரே வெடித்த வெற்றுத் தோட்டா! பழுது ரைபிளிலன்று, என்னிலே என்று அன்று தெளிந்தேன். அதன்பின் ஒவ்வொரு முறையும், பட்ட இடத்தைப் பார்க்குமுன், முள் நின்ற இடத்தை உண்மையாய்ச் சொல்லிப் பழகினேன்.

சிறிதென்று இதனை இகழற்க. இக்குண்டு ஒரு மைலுக்கு அப்பாலும் செல்லவல்லது. தோட்டா இல்லையெனத் தோன்றினும் குழலை எவர்பாலும் திருப்பற்க. சுடும் கணம்வரை விசையில் விரல் வையற்க. வெடியாத தோட்டாவாயின், குழலை இலக்கை நோக்கியே வைத்து அரைநிமிடம் பொறுத்தபின் திறக்க.

2024-இல் பாரிசு ஒலிம்பிக்கில் நம் நாட்டுச் சுவப்னில் குசாலே 50 மீட்டர் ரைபிளில் வெண்கலம் பெற்றதும் இச்சிறு தோட்டாவினாலேயே. அவ்விலக்கின் பத்தாம் வட்டம் 10.4 மில்லிமீட்டரே. அதனைத் துளைக்க வேண்டுவது வலிமையன்று. தன் பிழையைத் தானே ஒப்புக்கொள்ளும் பொறுமையே.